ஊர் முதியவர்களுக்கு ஒரு பகல் கூடம்: கோயில், சர்ச், பள்ளிவாசலை ஒட்டித் தொடங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிராமங்களுக்குப் பகலில் போனால் கண்ணில் படுகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள்தான். இளையவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும், ஓசூர் சிப்காட்டுக்கும் போய்விட்டார்கள். பெற்றவர்களை மறந்துவிட்டுப் போனவர்கள் என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மானாவாரி நிலத்தை மட்டும் நம்பி இங்கே ஒரு குடும்பம் நடத்துவது எவ்வளவு பாடு என்று இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் மாதாமாதம் பணமும் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் சூடான ஒரு வேளை சாப்பாடாகவும், வேளைக்கு மாத்திரையாகவும், பேச்சுத் துணையாகவும் மாறுவதற்கு ஊரில் யாராவது இருக்க வேண்டும். அந்த வேலையைக் கோயில் கமிட்டியோ, சர்ச்சின் பங்குப் பேரவையோ, பள்ளிவாசல் ஜமாஅத்தோ எடுத்துச் செய்ய முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதியவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடுகிறவர்களுக்கு உடனே தோன்றுவது, முதியோர் இல்லம் கட்டலாம் என்பது. தொடக்கத்தில் அதைக் கட்டாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கட்டடத்துக்கே நன்கொடை எல்லாம் போய்விடும். இரவுப் பணிக்கு ஆள், படுக்கை, மருத்துவம், பதிவு என்று செலவு வளரும். அதைவிட முக்கியமானது, இல்லத்துக்கு வருகிறவர் தன் வீட்டை, வளர்த்த ஆட்டை, பக்கத்து வீட்டுப் பேச்சை எல்லாம் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் தனியாக இருக்கும் முதியவர்களில் பலருக்கு இப்போது வேண்டியது பகலில் கூட ஓர் இடம், ஒரு வேளை நல்ல சாப்பாடு, ஒரு நாள் காணவில்லை என்றால் தேடி வர ஓர் ஆள். இவை இருந்தால் அவர்கள் சொந்த வீட்டிலேயே நெடுநாள் இருக்கலாம். அரசும் 2025 நவம்பரில் அன்புச்சோலை என்ற பெயரில் பகல்நேர மையங்களைத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படி 1: வீடு வீடாகப் போங்கள்

கூடத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன், பேனர் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. நம் பக்கத்தில் ஊர் என்றால் ஒரே இடத்தில் இருக்கும் தெருக்கள் மட்டும் கிடையாது. நிலத்தையொட்டி ஆங்காங்கே கொட்டாய் என்று சொல்லும் தனி வீடுகள் இருக்கும். ஊர்த் தெருவில் இருக்கும் ஆயா காய்ச்சலில் படுத்தால் சாயங்காலத்துக்குள் யாருக்காவது தெரிந்துவிடும். கொட்டாயில் தனியாக இருக்கும் தாத்தா விழுந்தால் பால் ஊற்ற வருகிறவர் கவனித்தால்தான் உண்டு. ஆகவே கொட்டாய்களில் தொடங்கிப் பிறகு ஊருக்குள் வாருங்கள்.

இருவர் இருவராகப் போவது நல்லது. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்கள் இதற்குப் பொருத்தமானவர்கள், ஏனென்றால் எந்த வீட்டு அடுப்பு எரிகிறது, எது எரியவில்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். கையில் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், வெளியே வந்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போடுகிறார், மாத்திரை தீர்ந்து எத்தனை நாள் ஆகிறது, கழிப்பறைக்கு எங்கே போகிறார், கண்ணும் காதும் எப்படி, உதவித்தொகை வருகிறதா, பிள்ளைகள் யாருடைய போன் எண்ணுக்குப் பேசுகிறார்கள்: இவ்வளவு தெரிந்தால் போதும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் என்றால் தெலுங்கோ கன்னடமோ பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அவ்வா என்றோ அஜ்ஜி என்றோ அழைத்தால் வரும் பேச்சு வேறு, "பாட்டி, உங்க பேரு என்ன" என்று கேட்டால் வரும் பேச்சு வேறு.

எல்லாத் தெருவுக்கும் போங்கள். உங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள், உங்கள் சர்ச் பதிவேட்டில் இருப்பவர்கள் என்று வரம்பு போட்டுக்கொண்டால் மிகவும் தேவைப்படுகிறவர்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

படி 2: இடம்

பக்கத்திலேயே இருக்கும் ஒரு கூரை போதும். கோயில் மண்டபம், பங்கு மன்றம், மதரஸாவின் காலியான அறை, ஊர்ச் சமுதாயக் கூடம் எதுவாகவும் இருக்கலாம். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அத்துறையின் கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் அப்படி ஒரு கோயில் இருந்தால் சமையலுக்குத் தனி ஏற்பாடு தேவையா என்பதை முதலில் யோசியுங்கள்.

இங்கே மழுப்பாமல் பேச வேண்டிய ஒன்று உண்டு. ஊரில் ஒரு பகுதியினர் கால் வைக்கத் தயங்கும் மண்டபத்தில் கூடத்தைத் தொடங்காதீர்கள். "எல்லோரும் வரலாம் என்றுதான் சொன்னோம், அவர்கள் வரவில்லை" என்பது பதில் ஆகாது. எழுபது வயது வரை வெளியே நின்ற ஒருவர், ஒரு அறிவிப்பைக் கேட்டு உள்ளே வந்து பந்தியில் உட்கார்ந்துவிட மாட்டார். அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலோ சமுதாயக் கூடத்திலோ தொடங்குங்கள். ஒரே பந்தி, ஒரே தட்டு, ஒரே தண்ணீர்க் குடம் என்பதை முதல் நாளே நடைமுறையாக்குங்கள். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அது மாறவே மாறாது.

இடத்தில் பார்க்க வேண்டியதில் முதலாவது கழிப்பறை. உட்காரும் வகைக் கோப்பை ஒன்றாவது, பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை. இது இல்லாத இடத்தில் முதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். அதனால் மலச்சிக்கலும் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் வரும். படிகள் இருந்தால் பக்கவாட்டில் ஒரு சாய்தளம் போடுங்கள். தரையில் பாய் போதாது, முதுகுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள நாற்காலிகள் வேண்டும்.

பெண்கள் அரசு நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணமின்றிப் போகலாம். ஆகவே கூடம் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடக்கும் தூரத்தில் இருந்தால் பக்கத்து ஊர் ஆயாக்களும் வருவார்கள். ஆண்களுக்கும் கொட்டாயில் இருப்பவர்களுக்கும் ஒரு ஷேர் ஆட்டோ பேசி வையுங்கள்.

படி 3: சாமி கும்பிடுவதும் சாப்பாடு போடுவதும்

மத அமைப்பு நடத்தும் கூடத்தில் வழிபாடு இருப்பது இயல்பு. முதியவர்களில் பலர் அதற்காகவே வருவார்கள். காலையில் ஒரு பாசுரமோ தேவாரமோ, சர்ச் என்றால் செபமாலையோ, ஓதுகிறவர் ஓதட்டும். கலந்துகொள்ளாதவர் வெளித் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், அவருக்கும் அதே சாப்பாடு அதே நேரத்தில். சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் வழிபாட்டில் நின்றாக வேண்டும் என்று வைத்தால், பசிக்காகத் தலையாட்டுகிற நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அது எந்தச் சாமிக்கும் பிடித்திருக்காது என்று நம்புகிறேன்.

நம்பிக்கையால் உந்தப்பட்டு இந்த வேலையைச் செய்தவர்கள் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, வருகிறவர் யார் என்று கேட்காமல் பசி ஒன்றையே தகுதியாக வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பிரான்சில் ழான் ழுகான் என்ற எளிய பெண் 1839இல் பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். பிறகு கூடையைக் கையில் எடுத்து வீதிவீதியாக யாசித்து இன்னும் பல முதியவர்களைக் காப்பாற்றினார். அதிலிருந்து வளர்ந்த ஏழைகளின் சிறு சகோதரிகள் சபை 1882இல் கொல்கத்தாவுக்கு வந்தது. ழான் ழுகானுக்கு 2009இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

பள்ளிவாசலை ஒட்டித் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜகாத் என்ற கட்டாய தர்மப் பணம் யாருக்குப் போகலாம் என்பதில் குர்ஆன் எட்டு வகையினரை வரையறுக்கிறது. பொதுப் பந்திச் செலவுக்கு அதை எடுக்கலாமா என்பதை இமாமிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். சதகா என்ற விருப்ப தர்மத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் பின்னால் பேச்சு வராது.

படி 4: சாப்பாடும் தண்ணீரும்

இதில் அவசரப்படாதீர்கள், கூடம் நிற்பதும் விழுவதும் அடுப்படியில்தான்.

முதலில் தண்ணீர். நம் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பல் கறை படிவதோடு நிற்காது, மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். "வயசாயிடுச்சு, அதான் குனிய முடியல" என்று நாம் விட்டுவிடுகிற வலியில் ஒரு பங்கு இந்தத் தண்ணீரால் வந்ததாக இருக்கலாம். இதற்காகவே கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. கூடத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டராலும் பயனில்லை. ஒகேனக்கல் குழாய் வராத இடம் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு ஆர்ஓ இயந்திரம் வாங்குவது பற்றி முடிவு செய்யுங்கள்.

அடுத்தது என்ன சமைப்பது. நன்கொடையாளர்கள் வடை பாயசத்தோடு இலை போட ஆசைப்படுவார்கள். அது பண்டிகைக்குச் சரி. வாரத்தில் மற்ற நாட்களுக்கு இந்த மண்ணின் சாப்பாடே முதியவர்களுக்குப் பொருந்தும். கேழ்வரகுக் களி மெல்லத் தேவையில்லாதது, பல் இல்லாதவர்களும் கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கிவிடுவார்கள். கால்சியமும் அதில் நிறைய. ஆளுக்குச் சுமார் 100 கிராம் மாவு என்று கணக்கு வைத்தால் 30 பேருக்கு 3 கிலோ. சாமைச் சோறு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு என்று மாற்றி மாற்றிப் போடலாம். தினமும் ஒரு பருப்போ முட்டையோ இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் தனியாக வாழும் முதியவர்கள் வீட்டில் பழைய சோறும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்வார்கள், புரதம் உள்ளே போகவே போகாது. தசை கரைந்தால் நடை தளரும், நடை தளர்ந்தால் விழுவார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் களி நல்லது என்று சொல்லி இரண்டு உருண்டை வைத்துவிடாதீர்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் பெரும்பங்கு, அளவுதான் முக்கியம். உப்பு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றை ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் குறையுங்கள்.

நேரம் தவறவே கூடாது. மதியம் பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரை. காலையில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வந்தவர், சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் மயங்கி விழுவார். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

தொடர்ந்து சமைத்துப் பரிமாறும் இடம் தருமத்துக்கு நடந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

படி 5: பகல் பொழுது

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போகும் இடமாக இருந்தால் அது சத்திரம். முதியவர்கள் அங்கே வாங்கிக்கொள்பவர்களாக மட்டும் இருப்பார்கள். உழைத்தே வாழ்ந்தவர்களுக்கு அது உள்ளூரக் கூசும், சிலர் அதனாலேயே வரவும் மாட்டார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கட்டும். கீரை ஆய்வது, தட்டு எண்ணுவது, வருகைப் பதிவேடு, பூக்கட்டுவது, செடிக்குத் தண்ணீர். புளிக் காலத்தில் ஓடும் கொட்டையும் எடுப்பது நம் பக்கத்துப் பெண்கள் கைக்குப் பழகிய வேலை. கூடத்துக்கு வேண்டிய வருடப் புளியை அவர்களே உட்கார்ந்து தட்டி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவார்கள். வேலை நடக்கும்போது பேச்சும் தானாக வரும்.

ஆண்களை வரவழைப்பதுதான் கடினம். டீக்கடை பெஞ்சை விட்டுவிட்டு அவர்கள் எளிதில் வர மாட்டார்கள். "வாங்க தாத்தா, சாப்பிட" என்று அழைப்பதைவிட "பெரியப்பா, கணக்கு நோட்டை நீங்க பாத்துக்கணும்" என்று அழைத்துப் பாருங்கள். செய்தித்தாள் ஒன்று, ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒன்று, ஒரு ரேடியோ இருந்தால் உட்கார ஒரு காரணம் கிடைக்கும். குடித்துவிட்டு வருபவரை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டாதீர்கள். சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரத்தில் கொடுத்து அனுப்பிவிட்டு மறுநாள் தனியாகப் பேசுங்கள்.

நம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பகலில் பாரதக் கதை, இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். அந்தக் கூத்தில் வேஷம் கட்டியவர்கள், பின்பாட்டுப் பாடியவர்கள், விடிய விடியப் பார்த்தவர்கள் உங்கள் கூடத்திலேயே இருப்பார்கள். வாரத்தில் ஒரு பொழுது அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த ஆயாக்களைப் பாடச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் போனில் பதிவு செய்யுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாதம் இரண்டு முறையாவது அழைத்து வாருங்கள். அவர்கள் வந்து நடனம் ஆடிவிட்டுப் போவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கட்டும், போனில் எண்ணைப் பெரிய எழுத்தாக மாற்றிக் கொடுக்கட்டும்.

ஒரு மணி நேரம் போனுக்கு ஒதுக்குங்கள். பெங்களூரில் இருக்கும் மகனையோ பேத்தியையோ வீடியோவில் கூப்பிட்டுக் கொடுக்க ஒரு இளைஞர் போதும். மகனுக்கும் அம்மா எங்கே, யாரோடு இருக்கிறார் என்று தெரியும். கூடத்துக்கு நன்கொடை கேட்காமலே வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கணவனை இழந்த பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான கூடங்களில் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பொங்கல் பானையில் அரிசி போடுவது, விளக்கு ஏற்றுவது, மஞ்சள் குங்குமத் தட்டு நீட்டுவது என்று எதிலும் அவர்களைத் தள்ளி நிற்கவைக்காதீர்கள். ஊர் வழக்கம் என்று யாராவது முணுமுணுத்தால், இங்கே வழக்கம் இதுதான் என்று கமிட்டித் தலைவரே சொல்ல வேண்டும்.

படி 6: உடம்பைப் பார்த்துக்கொள்வது

கூடத்தில் நீங்கள் மருத்துவம் செய்ய வேண்டாம். மருத்துவம் அவர்களை வந்தடையும்படி செய்தால் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இன்ன கிழமை எங்கள் கூடத்தில் முதியவர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று சொல்லுங்கள். தன்னார்வலருக்கும் அலைச்சல் குறையும்.

கூடத்தில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். மாத்திரைப் பையை மாதம் ஒரு முறை கொட்டிப் பார்த்தால், அரசு மருத்துவமனை மாத்திரையும் தனியார் டாக்டர் எழுதிய அதே மாத்திரை வேறு பெயரிலும் இருப்பது தெரியவரும். அதை நீங்களே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். முள் குத்தியதே தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள். வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதம். நாலரை மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க வாய்ப்புண்டு. எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதில் அந்த நேரத்தைப் போக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மறதி கூடிக்கொண்டே போகிறவரை "சும்மா நடிக்கிறார்" என்று வீட்டார் சொல்வது உண்டு. வழி தெரியாமல் நிற்பது, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பது போன்றவை தொடர்ந்தால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

படி 7: வர முடியாதவர்கள்

நடக்க முடியாதவருக்குத் தூக்கில் சாப்பாடு போக வேண்டும். கொண்டுபோகிறவர் வாசலில் வைத்துவிட்டு ஓடிவரக் கூடாது, பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833இல் பாரிஸில் தொடங்கிய காலம் முதல் அதன் அடிப்படை வேலையே ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போவதுதான். அவர்கள் இருவராகப் போகும் முறையை எந்த மதத்தினரும் எடுத்துக்கொள்ளலாம். போகிறவருக்கும் பாதுகாப்பு, வீட்டில் ஏதாவது காணாமல் போனது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, செய்தும் காட்டுங்கள். புண் வந்த பிறகு ஆற்றுவது மிகக் கடினம். அந்தப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடமோ மகளிடமோ "நீ சாப்பிட்டியாம்மா" என்று கேட்க மறக்காதீர்கள்.

இறப்பையும் முன்கூட்டியே யோசியுங்கள். யாரும் இல்லாதவரிடம் அவர் நன்றாக இருக்கும்போதே, எந்த முறைப்படி, எங்கே, யார் செய்ய வேண்டும் என்று பதமாகக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் சொன்னபடியே நடக்க வேண்டும், கூடத்தை நடத்துகிறவர்களின் மதப்படி நடக்கக் கூடாது.

படி 8: அவர்களுக்கு உரியதை வாங்கிக்கொடுப்பது

முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வராதவர்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் தொடர்ந்து கேளுங்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் ரேஷனும் பணமும் நின்றுபோவது பரவலான சங்கடம். ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய் ரேகையையும் கண் பதிவையும் புதுப்பித்தால் பலருக்குச் சரியாகும். ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. யாருக்கெல்லாம் வரும் என்று கடையில் கேட்டு, பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 இருக்கிறது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகியவை வருவாய்க் கோட்டங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும், 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. சொத்தைப் பிள்ளைக்குச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்க நினைக்கிறவரிடம், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது மீறப்பட்டால் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். எதற்கும் முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். மனு வரை போவதற்கு முன் ஊர்ப் பெரியவர்கள் மகனைக் கூப்பிட்டு ஒரு முறை பேசுவது பல நேரம் பலன் தரும். ஆனால் அடி, உதை, பட்டினி என்றால் பேச்சுவார்த்தைக்காகக் காத்திருக்கக் கூடாது.

கூடம் நடத்துகிற யாரும் எந்த முதியவரின் ஏடிஎம் கார்டையும், பாஸ்புக்கையும், பத்திரத்தையும் வாங்கி வைக்கக் கூடாது. அன்போடு கொடுத்தாலும் வேண்டாம். சொத்தைக் கூடத்துக்கே எழுதித் தருகிறேன் என்று சொல்பவரிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

படி 9: பணம்

ஏற்கெனவே பதிவு பெற்ற கோயில் அறக்கட்டளை, மறைமாவட்டச் சமூக சேவை அமைப்பு, ஜமாஅத் அறக்கட்டளை இருந்தால் அதன் கீழேயே தொடங்குங்கள். புதிதாக வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்யலாம், அல்லது ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகப் பதியலாம். வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து அனுப்பினால் வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

பணத்தைவிடப் பொருளாகக் கேட்பது நம் ஊர்களில் எளிது. அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை கேழ்வரகு, சாமை, நிலக்கடலை கொடுக்க எந்த வீடும் தயங்காது. பிறந்தநாள், திதி என்று சாப்பாடு போட வருகிறவர்கள் ஒரே நாளில் மூன்று பேர் வந்துவிட்டு அடுத்த பத்து நாள் யாரும் வராமல் இருப்பார்கள். சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, காலியாக இருக்கும் தேதியைக் காட்டுங்கள். வரவு செலவை மாதாமாதம் அதே சுவரில் ஒட்டுங்கள். தட்டை நீட்டும் முதியவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் இங்கே படம் எடுப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள், எவ்வளவு பெரிய தொகை கொடுத்தாலும் சரி.

படி 10: இரவும் தங்க வேண்டியவர் வந்தால்

கூடம் ஒழுங்காக நடக்க ஆரம்பித்த பிறகு, வீடே இல்லாத ஒருவரோ வீட்டில் இருந்தால் ஆபத்து என்ற நிலையில் ஒருவரோ வருவார். அவரைக் கூடத்தில் ஓர் ஓரமாகப் படுக்கவைத்துச் சமாளிக்காதீர்கள். முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியலை அந்த அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி, உங்கள் கமிட்டியில் இருவர் அவற்றில் சிலவற்றை நேரில் பார்த்து வையுங்கள். போகும் நேரம் சாப்பாட்டு வேளையாக இருக்கட்டும். படுக்கை நாற்றம் அடிக்கிறதா, இரவில் யார் இருக்கிறார்கள், உறவினரை உள்ளே வந்து பார்க்க விடுகிறார்களா, மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று கேளுங்கள்.

ஒருவரை அங்கே சேர்க்கும் முன் அவரையே ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேறு இடம் தேடுங்கள். சேர்த்த பிறகும் அவர் பெயர் உங்கள் கூடத்துப் பதிவேட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை கூடத்திலிருந்து இருவர் போய் அவரைப் பார்த்துவிட்டு வரட்டும், ஊர்த் திருவிழாவுக்கு அவரை அழைத்துவர ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.